மலையக லொறிகளைச் சிறிய அளவில் செய்தல்: திட்டமிடலும் மேலதிகப் பாகங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி செய்வதற்கான பாகங்கள் அடங்கிய கிட் பெட்டியில் வந்ததை அப்படியே ஒட்டி முடிப்பதோடு நில்லாமல், தாம் பார்த்துப் பழகிய ஒரு லொறியை அதன் பொடி (சுமை ஏற்றும் பின்பகுதி), நிறம், எழுத்து, சேறு ஆகிய அனைத்தோடும் சிறிய அளவில் செய்ய விரும்புவோருக்காக இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. இலங்கை மலையகத்தின் அட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற இடங்களில், இதற்கென்று ஒரு கடைகூட அருகில் இல்லாத நிலையில் வேலை செய்வோரே முதன்மையாக மனதில் கொள்ளப்பட்டுள்ளனர்.

எந்த லொறியைச் செய்வது என்பதை எப்படித் தீர்மானிப்பது?

பிடித்த லொறியைத் தெரிவு செய்வது எளிது. அதன் கெபினை (சாரதி அமரும் முன்பகுதியை) எங்கிருந்து பெறுவது என்பதே முதல் கேள்வி. சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் கிட்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க லொறிகளுக்கு உரியவை. இத்தாலிய நிறுவனமான இத்தாலேரி ஸ்கேனியா, வொல்வோ, டஃப், மெர்சிடிஸ் பென்ஸ் ஆகியவற்றை 1/24 அளவில், அதாவது உண்மையின் 24இல் ஒரு பங்காக, தருகின்றது. அமெரிக்காவின் ஏஎம்டி பீட்டர்பில்ட் 359, கென்வேர்த், மேக் போன்றவற்றை 1/25 அளவில் தருகின்றது. நமது வீதிகளில் தேயிலைக் கொழுந்தும் மரக்கறியும் ஏற்றிச் செல்லும் இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கெண்டர், டாடா, அசோக் லேலண்ட் ஆகியவற்றின் நல்ல கிட்களைக் காண்பது அரிது.

ஆகவே நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. கிட்டாகவே வெளிவந்த, இங்கும் ஓடிய ஒரு வகையைத் தேடுவது முதல் வழி. எம்ஹார் நிறுவனம் வெளியிட்ட 1/24 பெட்போர்ட் ‘ஓ’ வகை லொறி இதற்கு மிகப் பொருத்தமானது; பழைய கிட் என்பதால் பொறுமையாகத் தேட வேண்டும். வேறொரு கிட்டின் கெபினை வெட்டி மாற்றுவது இரண்டாவது வழி. கெபினை ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டில் முழுவதுமாகத் தானே கட்டுவது மூன்றாவது வழி.

மூன்றாவது வழியைக் கேட்டவுடன் பலர் தயங்குகின்றனர். ஆனால் பழைய எல்ஃப் போன்ற சிறிய ஜப்பானிய லொறியின் கெபின் பெரும்பாலும் தட்டையான பரப்புகளால் ஆனது. வளைவுகள் மூலைகளில் மட்டுமே வருகின்றன. முன்மூக்கு நீண்ட டாடாவையோ பழைய பெட்போர்ட்டையோ தகட்டில் கட்டுவதைவிட எல்ஃபைக் கட்டுவது பல மடங்கு இலகு. முதல் முயற்சிக்கு எல்ஃபே ஏற்றது என்பது எனது கருத்து. செய்து முடித்ததை யாரிடம் காட்டினாலும், எங்கள் ஊர் லொறி என்று உடனே சொல்லிவிடுவார்கள் என்பது அதில் கிடைக்கும் மேலதிக இன்பம்.

1/24, 1/25, 1/32 ஆகியவற்றில் எந்த அளவுத்திட்டம் நல்லது?

கிட்டில் அடங்காமல் தனியாக விற்கப்படும் மேலதிகப் பாகங்களில் லொறி மாதிரிகளுக்கானவற்றின் மிகப் பெரும்பகுதி 1/24, 1/25 ஆகிய இரண்டுக்கும் உரியது. எனவே வேறு காரணம் இல்லையெனில் 1/24 அளவைத் தெரிவு செய்யுங்கள். உண்மையில் 6 மீற்றர் நீளமான லொறி 1/24 அளவில் 25 சென்ரிமீற்றராக அமையும். ஜப்பானின் சிறிய லொறி வகைக்கான வரம்பு 4.7 மீற்றர் நீளமும் 1.7 மீற்றர் அகலமும் ஆகும். அந்த வரம்புக்குள் அமைந்த எல்ஃப் 1/24 அளவில் ஏறத்தாழ 19.5 சென்ரிமீற்றர் நீளமும் 7 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டிருக்கும். லய அறையின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையின்) ஒரு தட்டில்கூட இடம் பிடித்துவிடக்கூடிய அளவு இது.

1/24க்கும் 1/25க்கும் இடையிலான வேறுபாடு நூற்றுக்கு நான்கு மட்டுமே என்பதால் இரண்டையும் கலக்கலாமா என்று அடிக்கடி கேட்கின்றனர். இயந்திரம், எரிபொருள் தாங்கி, கண்ணாடி, இருக்கை போன்றவற்றில் தாராளமாகக் கலக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கெபினிலும் சில்லுகளிலும் கலக்கக் கூடாது. 2.4 மீற்றர் அகலமான கெபின் ஒன்றில் 100 மில்லிமீற்றர், மற்றொன்றில் 96 மில்லிமீற்றர். அந்த 4 மில்லிமீற்றர் பொடியோடு சேரும் இடத்தில் பளிச்சென்று தெரியும்.

1/32 அளவில் அயோஷிமா முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் அலங்கரிக்கப்பட்ட ஜப்பானிய லொறிகளை வெளியிட்டுள்ளன. அவற்றின் கெபின்கள் நமது லொறிகளுக்கு நெருக்கமானவை என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவில் டயரும் ரிம்மும் தனியாகத் தேடும்போது தெரிவுகள் குறைந்துவிடுகின்றன.

உண்மையான லொறியை அளந்து வரைபடம் தயாரிப்பது எப்படி?

உரிமையாளரிடமோ சாரதியிடமோ முதலில் அனுமதி கேளுங்கள். எதற்கு என்று சொன்னால் பெரும்பாலானோர் கெபின் கதவையும் திறந்து காட்டுவார்கள். தோட்டத் தொழிற்சாலைக்குள் நிற்கும் லொறியாயின் நிர்வாகத்தின் அனுமதியும் தேவை. அளவு நாடாவால் கட்டாயம் எடுக்க வேண்டியவை: முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரையிலான தூரம், கெபினின் அகலமும் உயரமும், பொடியின் நீள அகல உயரங்கள், தரையிலிருந்து பொடியின் அடித்தளம் வரையிலான உயரம், டயரின் வெளிவிட்டம். மற்றவற்றைப் படத்திலிருந்து கணிக்கலாம்.

படம் எடுக்கும்போது லொறிக்கு அருகே நிற்காதீர்கள். முடிந்தவரை தூரத்தில் நின்று, பெரிதாக்கி, லொறியின் நடு உயரத்துக்குச் சமமாகக் கருவியைப் பிடித்து, பக்கவாட்டுக்கு நேராக எடுங்கள். அருகில் நின்று எடுத்த படத்தில் நடுப்பகுதி உப்பியும் முனைகள் சுருங்கியும் தோன்றும். அதிலிருந்து எடுக்கும் எந்த அளவும் பயன்படாது. மலைப்பாதையில் இதற்குப் போதிய இடம் கிடைக்காது. வாராந்தச் சந்தை நாளில் மைதானத்திலோ பொருளாதார மத்திய நிலையத்தின் (மொத்த மரக்கறிச் சந்தையின்) முற்றத்திலோ லொறி நிற்கும்போது முயற்சி செய்யலாம்.

பின்னர் அந்தப் படத்தை அச்சிட்டு, அதில் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை அளவுகோலால் அளந்து, நாடாவால் எடுத்த தூரத்தை 24ஆல் வகுத்துப் பெறும் எண்ணோடு ஒப்பிட்டு, எத்தனை வீதம் பெரிதாக்க வேண்டும் என்று கணியுங்கள். போட்டோ பிரதிக் கடையில் அந்த வீதத்தைச் சொன்னால் 1/24 வரைபடம் கைக்கு வந்துவிடும். ரிம்மின் அங்குல எண்ணை அடிப்படையாகக் கொண்டு படத்தை அளக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது ஆபத்தானது. 20 அங்குல ரிம் என்பது டயர் பதியும் இடத்தின் விட்டம். வெளியே தெரியும் விளிம்பு அதைவிடப் பெரியது.

எதை வாங்க வேண்டும், எதைக் கையால் செய்யலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையைத்தான் வாசிக்க நேரம் உண்டென்றால் இதை வாசியுங்கள். நமது நாட்டில் லொறி எவ்வாறு உருவாகின்றது என்று பாருங்கள்: கெபினும் சேசிஸும் (அடிச்சட்டகமும்) கடல் கடந்து வருகின்றன, மரப் பொடியை இங்குள்ள பட்டறையில் தச்சரும் கொல்லரும் சேர்ந்து கட்டுகின்றனர், பெயின்ரர் பூவும் கொடியும் வரைந்து பெயர் எழுதுகின்றார். மாதிரியையும் அதே முறையில் பிரித்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் பிறந்ததை வாங்குங்கள். பட்டறையில் பிறந்ததைச் செய்யுங்கள்.

அவ்வாறு பார்க்கும்போது வாங்க வேண்டிய பட்டியல் வியக்கத்தக்க அளவு சுருங்கிவிடும். டயர், ரிம், கெபின், விளக்குக் கண்ணாடிகள், முன்முகத்தின் கம்பி வலை, நிறுவனச் சின்னம் ஆகியவையே உண்மையில் கையால் செய்யக் கடினமானவை. சேசிஸை ஸ்டைரீன் பட்டைகளால் செய்யலாம். காற்றுத் தாங்கியைப் பேனைக் குழாயிலும், பிரேக் குழாய்களை மெல்லிய செப்புக் கம்பியிலும், பக்கக் கண்ணாடியின் பளபளப்பைத் தேயிலைப் பொதியின் உள்ளே இருக்கும் வெள்ளித் தாளிலும் பெறலாம். ஸ்பிரிங் தகடுகளுக்கு 0.5 மில்லிமீற்றர் ஸ்டைரீன் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நீளம் குறைத்துக்கொண்டே ஒட்டினால் போதும்.

வாங்குவதற்கு முன்னர் ஒரு தாளில் பாகங்கள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் அதன் அளவை மில்லிமீற்றரில் குறியுங்கள். அளவு குறிக்கப்படாத எதையும் கட்டளையிடாதீர்கள். அழகாக இருக்கின்றது என்பதற்காக வாங்கிய குரோம் புகைக்குழாய்கள் நமது எந்த லொறிக்கும் பொருந்தாமல் பல வீடுகளின் மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன.

டயர் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

சில்லு பிழைத்தால் லொறியே பிழைத்துவிடும். தற்கால ஐரோப்பிய லொறிக் கிட்களில் வரும் டயர் பெரும்பாலும் 315/80 ஆர் 22.5 என்ற அளவைக் குறிப்பது. அதன் உண்மை விட்டம் ஏறத்தாழ 1,076 மில்லிமீற்றர், 1/24 அளவில் 45 மில்லிமீற்றர். எல்ஃப் வகையில் பொதுவாகக் காணப்படும் 7.50-16 டயரின் விட்டம் சுமார் 80 சென்ரிமீற்றர். 1/24 அளவில் 33 அல்லது 34 மில்லிமீற்றர். பெரிய லொறிகளின் 9.00-20 டயர் ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும்; அது 42 மில்லிமீற்றருக்கு அருகே வரும். ஸ்கேனியாவின் டயரை எல்ஃபுக்கு மாட்டினால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. மேலும், பழைய லொறிகளின் ரிம்மில் டயரைப் பிடித்திருக்கும் வளையம் தனியாகத் தெரியும்; புதிய ரியூப் இல்லாத ரிம்களில் அது இராது.

பின்புறம் இரட்டைச் சில்லு என்பதால் முன்னே இரண்டு, பின்னே நான்கு, மேலதிகமாக ஒன்று என ஒரே அளவில் ஏழு டயர்கள் தேவை. பலர் ஆறு வாங்கிவிட்டு ஏழாவதுக்காக மீண்டும் தபால் செலவு செய்கின்றனர்.

நகரத்துக் கடைகளில் கிடைக்கும் இந்திய பிளாஸ்டிக் லொறிப் பொம்மைகளையும் அளந்து பாருங்கள். அவை குறிப்பிட்ட அளவுத்திட்டத்தில் செய்யப்படுவதில்லை என்றாலும், டயர் மட்டும் சில வேளைகளில் மிகச் சரியாக அமைந்துவிடும். வேர்ணியர் இடுக்குமானி இன்றிக் கடைக்குப் போக வேண்டாம்.

ரெசின், வெள்ளை உலோகம், முப்பரிமாண அச்சு ஆகியவற்றின் வேறுபாடு என்ன?

ரெசின் (இறுகும் செயற்கைப் பிசின்) வார்ப்புகள் கெபின், ரிம் போன்றவற்றுக்கு ஏற்றவை. சாதாரண பிளாஸ்டிக் பசை அவற்றில் பிடிக்காது, சுப்பர் குளூ அல்லது இருபகுதி எபொக்சி தேவை. வெள்ளை உலோகப் பாகங்கள் பாரமானவை. சில்லுகளின் அச்சுத்தண்டுக்கும் இயந்திரத்துக்கும் நல்லவை, கெபினின் மேற்பகுதிக்கு உகந்தவை அல்ல. கம்பி வலை, சின்னம், துடைப்பான் போன்ற மெல்லியவற்றுக்கு அமிலத்தால் அரிக்கப்பட்ட உலோகத் தகடு உண்டு.

முப்பரிமாண அச்சில் இரு வகைகள் உள்ளன. பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் வகையில் படிவுக் கோடுகள் தெளிவாகத் தெரியும். சேசிஸ் போன்ற மறைவான பாகங்களுக்கு மட்டும் ஏற்கலாம். திரவ ரெசினை ஒளியால் இறுகச் செய்யும் வகையில் ஒரு படிவு பொதுவாக 0.05 மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது. ரிம்மையும் கெபினையும் அதில்தான் செய்விக்க வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் வடிவமைப்பின் கணினிக் கோப்பு ஒன்றை அனுப்பினால் அச்சிட்டுத் தருவோர் உள்ளனர். முழுமையாக இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும் என்பதால் பிசுபிசுப்பாக வந்த பாகத்தைக் கையுறை இன்றித் தொடாதீர்கள். எந்த ரெசினையும் உரசும்போது நீரில் நனைத்து, முகமூடி அணிந்து உரசுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பாகங்களை எவ்வாறு தருவிப்பது?

லொறி மாதிரிகளுக்கென்றே பாகங்கள் செய்து பெயர்பெற்றவற்றில் பிரித்தானியாவின் கிட் ஃபோர்ம் சேர்விசஸ், நெதர்லாந்தின் ஏ அன்ட் என் மொடல் ட்ரக்ஸ், செக் ட்ரக் மொடல், அவுஸ்திரேலியாவின் ஓஸ்லோ (Auslowe) ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவ்வகை நிறுவனங்களில் பல மிகச் சிறியவை. ஓரிருவர் மட்டுமே வேலை செய்யும் இடங்களில் கையிருப்பு அடிக்கடி தீர்ந்துவிடும். எனவே பணம் செலுத்துவதற்கு முன் மின்னஞ்சலில் கையிருப்பையும் இலங்கைக்கு அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள். படத்தை நம்பாமல் விட்டத்தை மில்லிமீற்றரில் கேளுங்கள்.

தபால் செலவு பாகத்தின் விலையை விஞ்சுவது சாதாரணம் என்பதால், நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரே பொதியாகத் தருவிப்பது நல்லது. மாதிரிகள் சுங்க வகைப்பாட்டில் 9503 என்ற தலைப்பின் கீழ் பொம்மைகளோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. பொதியின் மேல் உண்மையான விலைச்சிட்டையும், ‘பிளாஸ்டிக் மாதிரிப் பாகங்கள்’ என்ற தெளிவான விபரமும் இருக்குமாறு விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்வது தவறு. பொதி தொலைந்தால் இழப்பீடு கேட்கவும் அது தடையாகும். வரி வீதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், கட்டளையிடும் நாளில் சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள்.

ஸ்ப்ரே டப்பா, தின்னர், எளிதில் தீப்பற்றும் பசை, பெயின்ற் ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து தபாலில் தருவிக்க முயலாதீர்கள். சர்வதேச வான் தபாலில் அவை தடை செய்யப்பட்டவை. அவற்றைக் கண்டியிலோ கொழும்பிலோ வாங்கலாம்.

முகவரி பற்றியும் ஒரு சொல். பல தோட்டங்களில் லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வந்து சேருகின்றன. பொதியையும் சுங்க அறிவித்தலையும் உரிய நாளில் பெற வேண்டுமாயின், நகரத்தில் கடை வைத்திருக்கும் உறவினர் அல்லது நண்பரின் முகவரியை அவருடைய சம்மதத்தோடு கொடுப்பதே பாதுகாப்பானது.

வாங்கிய ஒரு ரிம்மை அச்செடுத்து ஏழாகப் பெருக்கலாமா?

பிறர் வடிவமைத்த பாகத்தைப் பிரதி செய்து விற்பது முறையற்றது. அந்தச் சிறு நிறுவனங்கள் மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்களே செய்த மூலப்படியைப் பெருக்குவதில் தடை ஏதும் இல்லை. லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு ரிம்மைக் கடைந்து வாங்கி, அதிலிருந்து சிலிக்கன் இறப்பர் அச்செடுத்து வார்ப்பது மிகவும் திருப்தியான வேலை.

இங்கே நமது காலநிலை குறுக்கிடும். பொலியூரிதேன் ரெசின் ஈரத்தோடு சேர்ந்தால் வாயுவை வெளியிட்டு நுரைத்துவிடும். திறந்த போத்தலை மூடுபனிக் காலத்தில் சில வாரங்கள் வைத்திருந்தாலே வார்ப்பு முழுவதும் குமிழியாகிவிடும். சிறிய போத்தலாக வாங்கி, திறந்த பின் விரைவில் முடித்துவிடுங்கள். அல்லது மெதுவாக இறுகும் எபொக்சி ரெசினைப் பயன்படுத்துங்கள்.

கிட்டின் சேசிஸை நீட்டுவது எப்படி?

சேசிஸின் இரு நீளத் தண்டுகளையும் ஒரே இடத்தில் நேராக வெட்டாதீர்கள். ஒன்றை முன்னேயும் மற்றதைச் சற்றுப் பின்னேயும் படிபோல வெட்டி, உட்புறம் ஸ்டைரீன் பட்டை வைத்து ஒட்டி, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் இரவு முழுவதும் பாரம் வைத்து விடுங்கள். சில்லுகள் அனைத்தும் ஒருசேரத் தரையைத் தொடாத லொறியைப் பின்னர் எந்தப் பெயின்ற்றாலும் காப்பாற்ற முடியாது.

மரப் பொடியையும் சுமையையும் எவ்வாறு செய்வது?

இது மிக இன்பமான பகுதி. அவசரப்படாமல், மரத்தின் தடிப்பை மட்டும் கவனியுங்கள். உண்மையான பொடியின் பலகை ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் அளவு தடிப்பு என்றால், 1/24 அளவில் அது ஒரு மில்லிமீற்றர் மட்டுமே. ஐஸ்கிறீம் குச்சி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பானது. அப்படியே ஒட்டினால் இரண்டு அங்குலப் பலகையாகத் தோன்றும். தளபாடப் பட்டறைகளில் வீணாகும் மெல்லிய மேலோட்டுப் பலகைத் (வெனியர்) துண்டுகள் அரை மில்லிமீற்றர் அளவில் இருக்கும்; இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டினால் சரியான தடிப்புக் கிடைக்கும். நிற்கும் சட்டங்களுக்குத் தீக்குச்சி ஏற்கத்தக்கது.

பொடியின் வடிவம் சுமையைப் பொறுத்தது. கரட், லீக்ஸ் ஏற்றும் லொறிக்கு உயர்ந்த பக்கப் பலகைகள் வேண்டும். கொழுந்து லொறியில் காற்றோட்டம் முக்கியம் என்பதால் அடைத்த பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்களையே பார்க்கலாம். கொழுந்து நசுங்கிச் சூடேறினால் தேயிலையின் தரம் கெடும். மாதிரியில் அந்த இடைவெளி வழியே பைகள் தெரிய வேண்டும். பைகளை மெல்லிய வலைத்துணியில் தைத்து, உலர்ந்த தேயிலையை நிரப்பாமல், பச்சை நிறமூட்டிய மரத்தூளை நிரப்புங்கள். படங்குக்கு மெல்லிய ரிசு (டிஷு) தாளை நீர் கலந்த வெள்ளை மரப்பசையில் நனைத்துச் சுமையின் மேல் போர்த்தி, மடிப்புகளை ஈரத்தோடு ஈரமாக அமைத்து விட்டால், காய்ந்தபின் அப்படியே நிற்கும்.

மூடுபனியில் பெயின்ற் அடிக்க முடியுமா?

நாளையும் நேரத்தையும் தெரிவு செய்தால் முடியும். லெக்கர் வகைப் பெயின்ற்றின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கின்றது. ஈரக்காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் நீர் படிந்து, நிறம் பால்போல வெளிறிவிடுகின்றது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் இது அன்றாடப் பிரச்சினை. மழை இல்லாத நாளில், பனி விலகிய முற்பகலில், சற்று வெதுவெதுப்பான அறையில், மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். டப்பாவை இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் வைத்து எடுக்கலாம். கொதிநீரிலோ அடுப்பருகேயோ ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றழுத்தக் கருவி வைத்திருப்போர் நீர்ப்பொறி (காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்கும் பாகம்) இன்றி வேலை செய்ய வேண்டாம்.

பருவத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பெயின்ற் வேலைக்கு உகந்த காலம். பதுளை, பண்டாரவளை ஆகிய ஊவாப் பகுதிகளில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வரட்சி. மழைக் காலத்தில் வெட்டுவதையும் ஒட்டுவதையும் வைத்துக்கொண்டால் ஆண்டு வீணாகாது. கண்ணாடிப் பாகங்களுக்குச் சுப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி அவற்றின்மேல் வெண்படலமாகப் படியும். வெள்ளை மரப்பசை போதும்.

சேற்றுக்கு ஊர் மண்ணையே சலித்துப் பயன்படுத்தலாம். சலித்த பின்னும் பெரிதாகத் தோன்றினால் நிறப்பொடியே நல்லது. 1/24 அளவில் ஒரு மணல்துகள் கூழாங்கல்லாகிவிடும்.

எழுத்துகளும் இலக்கத்தகடும்?

‘முருகன் துணை’, உரிமையாளரின் பிள்ளைகளின் பெயர்கள், முன்கண்ணாடியின் மேல் ஒரு சாமிப் படம் ஆகியவற்றை நீர்வழுக்குப் படத்தாளில் (நீரில் நனைத்ததும் படம் வழுக்கி வரும் ‘டெக்கால்’ தாளில்) அச்சிட்டு ஒட்டலாம். சாதாரண அச்சுப்பொறி வெள்ளை நிறத்தை அச்சிடாது. எனவே கரும்பச்சைக் கெபினில் மஞ்சள் எழுத்து வேண்டுமானால் வெள்ளைப் பின்னணித் தாளை வாங்கி, எழுத்தைச் சுற்றிக் கெபினின் நிறத்தையே அச்சிட வேண்டும், அல்லது தூரிகையால் எழுத வேண்டும். பெயின்ரர் கையெழுத்தின் சாயலைக் கணினி எழுத்துருவில் பெறுவது கடினம் என்பதால் தூரிகையையே நான் விரும்புவேன்.

இலக்கத்தகடு லொறியின் காலத்தோடு பொருந்த வேண்டும். 1950களின் பிற்பகுதியில் பெரும் அரசியல் சர்ச்சைக்கு உள்ளான சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடுகள் அக்காலத்தில் பதிவான பழைய லொறிகளுக்கு உரியவை. அவை கறுப்பில் வெள்ளை எழுத்து. பின்னர் எண்கள் மட்டும் கொண்ட தொடர் வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில எழுத்துத் தொடர்; அதில் லொறிகளுக்கு ‘எல்’ எழுத்து முதலில் வரும், முன்னே வெள்ளைத் தகடு, பின்னே மஞ்சள். மத்திய மாகாணத்துக்குச் ‘சி.பி.’, ஊவாவுக்கு ‘யூ.பி.’ என்ற மாகாண எழுத்துகளும் அத்தொடரில் நெடுங்காலம் இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் லொறியின் உண்மையான இலக்கத்தை உரிமையாளரைக் கேட்காமல் போடாதீர்கள்.

தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் லொறியாகச் செய்யலாமா?

செய்யலாம், அதற்குத் தமியாவின் 1/14 வரிசையே வழக்கமான அடிப்படை. 8 மீற்றர் லொறி அதில் 57 சென்ரிமீற்றராகும். செலவு பல மடங்கு, லிதியம் மின்கலங்களுக்குத் தபாலில் கடும் கட்டுப்பாடுகள் உண்டு. முதல் லொறிக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

முடித்த லொறியையும் மீதிப் பாகங்களையும் எவ்வாறு பாதுகாப்பது?

நீர்வழுக்குப் படத்தாள்களை சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமாக மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரத்தில் அவற்றின் பசை கெட்டு, தாள் மஞ்சளாகும். கிட் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மென்மையான வைனைல் டயர்களைப் பிளாஸ்டிக் பாகங்களோடு ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். டயரிலிருந்து கசியும் மென்மையாக்கி, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீனை ஆண்டுக்கணக்கில் மெல்ல உருக்கிவிடும். பொருத்திய லொறியிலும் இது நிகழும் என்பதால், டயரை மாட்டுவதற்கு முன் ரிம்மின் மேல் மெல்லிய உலோகத்தாள் பட்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.